சுத்தியல்காரனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

இதை நான் உட்கார்ந்து எழுதவில்லை. சமையல் மேடையில் காகிதத்தை விரித்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். அதற்குள் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தாயிற்று. எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் மத்தியான வேளையில் வாசலில் என்ன இருக்கப்போகிறது? ஒன்றுமில்லை. காலுக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். ஆயுசில் பாதியை நாற்காலியில் கழித்தவளுக்கு உட்காரவே பிடிக்காமல் போய்விட்டது என்றால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். "நீ எப்போடி உட்கார்ந்தே?" என்கிறார். அதுவும் சரிதான்.

எழுதச் சொன்னது ரேஷ்மா. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருஷங்கள் எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோவில் என்னோடு வேலை பார்த்த பெண். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இங்கிலீஷ். போன வாரம் வந்தவள் போனை எடுத்து ஒரு வரி தட்டினாள். போனே வரைந்து அசைத்த படத்தில் தாடி வைத்த ராட்சசன் ஒருவன் கோடாலியோடு காட்டுக்குள் நடந்து வந்தான்.

"சேச்சி, இதுக்குத்தானே நீங்க எல்லாரும் மாசக்கணக்கா கஷ்டப்பட்டது? இப்போ கண்டோ, ஒரு மினிட்டு!"

"கால் வழுக்கறதுடி" என்றேன். தரையில் ஊன்றாமல் அவன் கால் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி தட்டினாள். சரியாக வந்தது. "நன்னாயிருக்கு" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. பழைய வேலை போச்சே என்று ஒப்பாரி வைக்க நான் தயாரில்லை. என் கழுத்து எலும்பைக் கேட்டால் அது பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும்.

"அப்போ உங்களுக்கு எந்த ஷாட்டு ரொம்பக் கஷ்டமாயிட்டு இருந்தது?"

"ஒருத்தன் படுத்துண்டிருப்பான். அவன் பெண்டாட்டி அவன் வாயில தண்ணி விடுவா. அதுதான்."

"அதுல எந்தா கஷ்டம், சேச்சி?"

வாயால் சொல்ல வரவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். "எழுதித் தாங்க" என்று சொல்லிவிட்டு அவள் காப்பியைக் குடித்தாள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை சின்னது. பள்ளிக்கூடப் பாடநூல்களுக்குப் பூசணிக்காயும் தபால்காரரும் வரைந்துகொண்டிருந்தேன். கழக்கூட்டம் போகிற வழியில் ஒரு மாடி வீட்டில் அனிமேஷன் ஸ்டுடியோ தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பந்து குதிப்பது, மாவு மூட்டை நடப்பது, மனுஷன் நடப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். முதல் வருஷம் வரைந்ததையெல்லாம் கிழித்தார்கள். அடுத்த வருஷம் பாதியைக் கிழித்தார்கள். பிறகு, இவளுக்கு வாய் நன்றாக இருக்கிறது என்று என்னைச் செக்கராகப் போட்டுவிட்டார்கள். செக்கர் என்றால் வரைகிறவள் இல்லை, வரைந்தவர்களைத் திட்டுகிறவள். தாள்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் புரட்டி, சட்டைப் பொத்தான் காணாமல் போகிறதா, வலது கையில் இருந்த சுத்தியல் இடது கைக்குத் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் தப்பு கண்டுபிடித்தால் எல்லோரும் என்னைச் சபிப்பார்கள். கண்டுபிடிக்காமல் விட்டால் அமெரிக்கா சபிக்கும்.

வந்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அந்த அமெரிக்க நாட்டுப்புறக் கதைத் தொடர்தான். அங்கே குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதற்கென்று எடுத்தது. கதையும் குரலும் அங்கிருந்து வந்துவிடும். ஸ்டோரிபோர்டும் வரும், அதாவது காட்சி காட்சியாகக் கட்டம் கட்டி வரைந்த படங்கள். உயிர் கொடுப்பது மட்டும் நாங்கள். ஒவ்வொரு கதையும் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு. ஒருவன் மலை உயரம். அவன் நடந்த காலடிக் குழிகளில் மழை பெய்து ஏரிகள் ஆகிவிட்டனவாம். இன்னொருவன் சூறாவளியின் கழுத்தைப் பிடித்து மடக்கி, அதன் மேல் ஏறிச் சவாரி போவான். புளுகு என்றாலும் ஆசையான புளுகு. மரம் வெட்டுகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் வேலை முடிந்து களைத்துப்போய், 'இவ்வளவு வேலையும் செய்ய இப்படி ஒருத்தன் இருந்தால்தான் உண்டு' என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது. அது எனக்குப் புரிந்தது. புரியாதது பனிதான். எங்களில் ஒருவரும் பனிக்கட்டி மேல் கால் வைத்ததில்லை. எல்லோருமாகக் கல்லாற்றுக்குப் போய், முழங்கால் ஆழத்தில் நீரோட்டத்துக்கு எதிராக நடந்து பார்த்துவிட்டு வந்து, பனியில் நடப்பதை வரைந்தோம். தப்பில்லாமல் வந்தது.

தப்பு வந்தது அப்பத்தில். அந்த மலை உயரத்து ஆளுக்குக் காலைச் சாப்பாடு அடுக்கடுக்காகப் பான்கேக் என்கிற வட்ட அப்பம். சுடுகிற கல் ஒரு மைதானம் அகலம். எங்கள் அனிமேட்டர் ஒருவர் அந்தச் சமையல்காரர்களை அற்புதமாக வரைந்தார். மாவை நடுவில் விட்டு, கரண்டியின் அடியால் வட்டம் வட்டமாக இழுத்து, ஓரத்தில் எண்ணெய் சுற்றி, மடித்து எடுத்தார்கள். நான் தாள் தாளாகப் புரட்டிப் பார்த்துச் சரி என்றேன். எங்கள் டைரக்டரும் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அமெரிக்காவிலிருந்து குறிப்பு வந்தது. எல்லாம் பிரமாதம், ஆனால் அவர்கள் ஏன் அப்பத்தைத் தரை பெருக்குவதுபோலப் பெருக்குகிறார்கள்? அன்றைக்குத்தான், ஸ்டுடியோ முழுக்கச் சேர்ந்து அமெரிக்காவுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அடுத்தவன் கைத்தப்பு பளிச்சென்று தெரியும். எல்லோர் கையிலும் ஒரே தப்பு இருந்தால் எந்தச் செக்கர் பிடிப்பாள்? சிரித்துவிட்டு, மறுபடி வரைந்து கொடுத்தோம்.

டைரக்டர் என்றேனே, அவர் மாத்யு சார். கோட்டயத்துக்காரர். அதிகம் பேசமாட்டார், திட்டவே மாட்டார். அது திட்டுவதைவிட மோசம். வரைந்த கோடுகளை வரிசையாக ஓட்டிப் பார்ப்பதைப் பென்சில் டெஸ்ட் என்போம். அதை அவர் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, சத்தத்தை அணைக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பார். குரல் நன்றாக இருந்தால் படம் நன்றாக இருப்பதாக மனசு ஏமாறும் என்பார். முடிந்ததும் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான். "எல்லாம் கொள்ளாம். பக்ஷே வெயிட் இல்லா."

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் கனம் இல்லை என்று அர்த்தம். அவர் மேஜைக்கு அடியில் ஓர் அம்மிக் குழவி கிடக்கும். கனமில்லாமல் வரைந்தவர் அதைத் தூக்க வேண்டும். தூக்குகிறவரின் முதுகு எப்போது வளைகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். எதையும் நடித்துப் பார்க்காமல் வரையக் கூடாது என்பது அவர் சட்டம். சூறாவளிச் சவாரிக்கு அவரே பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார். மூக்குக் கண்ணாடி தெறித்து, என் டீக் கோப்பையில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினார். அந்த மனுஷருக்கு நான் பயந்ததும் உண்டு, அவரோடு மல்லுக்கு நின்றதும் உண்டு.

அப்புறம் வந்தது சுத்தியல்காரன் கதை. ரயில் பாதைக்காக மலையைக் குடைகிற தொழிலாளி ஒருவன். அவன் அடிக்கிற அடியில் பாறை பொடியாகும். முதலாளி நீராவியில் ஓடும் துளை இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்குகிறார். இவன் அதோடு போட்டி போடுகிறான். ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இவன். இவன் ஜெயிக்கிறான், ஜெயித்த இடத்திலேயே விழுந்து செத்துப்போகிறான். அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதையாம். ஆனால் எங்களுக்கு வந்த ஸ்டோரிபோர்டில் சாவு என்ற பேச்சே இல்லை. குழந்தைகள் பார்க்கிறார்கள் என்று பூசி மெழுகியிருந்தார்கள். அவன் விழுகிறான், மனைவி ஓடிவந்து பக்கத்தில் உட்காருகிறாள், காமிரா மெல்ல மேலே போய் ஆகாயத்தைக் காட்டுகிறது. தீர்ந்தது.

அந்தக் கடைசிக் காட்சியை ஸ்டெல்லாவுக்குக் கொடுக்கச் சொன்னது நான். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் வருகிற தமிழ்ப் பெண். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வரையும்போது துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஏதாவது கேட்டால்தான் வாயிலிருந்து அது வெளியே வரும். அவளுடைய அப்பா கல் உடைக்கிற பாறைமடையில் வேலை பார்த்தவர், முந்தின வருஷம் இறந்துபோனார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"நடிச்சுப் பாக்கணுமே, நான் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் எக்கா. இது எனக்குத் தெரியும்" என்றாள்.

டெஸ்ட் ஓடியது. அவன் விழுந்து கிடக்கிறான். மனைவி ஓடிவந்து உட்காருகிறாள். அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். பக்கத்தில் இருந்த மர வாளியில் கையை நனைத்து, விரல் நுனியால் அவன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறாள். உதடு ஒருமுறை அசைகிறது. பிறகு அவள் கை அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்டோரிபோர்டில் வாளி இருந்தது, தண்ணீர் கொடுப்பது இல்லை. அதைச் சேர்த்தது ஸ்டெல்லா.

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் வாயை மூடி முத்திரை வைத்த கங்கைச் செம்பு ஒன்று உண்டு. எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்யு சார் வீட்டிலும் கண்ணை மூடப்போகிறவரின் உதட்டை நனைப்பார்கள். அறையில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் இருந்தோம். அந்தச் சொட்டு விழுந்ததும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, அவன் போய்விட்டான். எல்லோரும் அழுதோம். நான் வெட்கப்படாமல் மூக்கைச் சிந்தி அழுதேன். மாத்யு சார் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவின் மேஜை வரைக்கும் போய், அங்கே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, என்னைப் பார்த்து "அயச்சோ" என்றார். அனுப்பிவிடு என்று அர்த்தம். ஒரு கோடும் மாற்றாமல் அனுப்பினோம்.

பதில் வந்தது. அந்தத் தொடரைத் தயாரித்த அம்மா நல்லவர், எதையும் பாராட்டிவிட்டுத்தான் குறை சொல்வார். அன்று குறையே இல்லை, பாராட்டு மட்டும்தான். அங்கே சில குடும்பங்களுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்களாம். மனைவி தண்ணீர் கொடுத்ததும் குழந்தைகள் கைதட்டினார்களாம். தண்ணீர் குடித்தாயிற்று, இனி அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று தாய் தகப்பன்மாருக்கும் நிம்மதியாம். இவ்வளவு அழகான யோசனை எங்களுக்குத் தோன்றவில்லையே என்று எழுதியிருந்தார். ஆகவே இன்னும் ஒரே ஒரு ஷாட் வேண்டும். அவன் எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தண்ணீர் கொடுத்ததை வரைந்த கையே அதையும் வரையட்டும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இதென்ன கூத்து! செத்தவனுக்கு விட்ட தண்ணியைக் குடிச்சுட்டு எழுந்து உட்காருவானா?" என்று மாத்யு சாரின் அறையில் கத்தினேன். "நம்மாத்துக் குழந்தைகள் கதையில நல்லவன் செத்தா அழுதுட்டுத் தூங்கறதில்லையா? அந்த ஊர்க் குழந்தைகளுக்கு மட்டும் அழத் தெரியாதா?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். "அவர்க்கு மனசிலாயில்லா, ஜயா. தப்பு அவருடெ அல்ல. நம்மளெல்லாம் தையல்காரராக்கும். அவங்க சொன்ன அளவுக்குத் தைக்கணும்."

"அளவு சொல்றவா சவத்துக்குச் சட்டை கேக்கறா, சார்."

"ஸ்டெல்லா வரையுமெங்கில் வரையட்டே. இல்லெங்கில் வேறொரு ஆள் வரையும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நான்தான் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். பென்சில்களைப் பெட்டியில் போட்டு மூடினாள், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மாத்யு சார் வேறு ஒருவரின் பெயரைச் சொன்னார். நாளை வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அந்தக் காட்சியை வேறு யாராவது தொட்டால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் கையைப் போன்ற ஒரு கையை நான் அதுவரை பார்த்ததில்லை. தோன்றியதும் இருப்புக் கொள்ளவில்லை.

தம்பானூர் ஸ்டேஷனில் நாகர்கோவில் பாசஞ்சரைப் பிடித்தேன். இடம் இருந்தும் உட்காராமல் வாசலில் நின்றேன். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தபடியே போனேன். 'நீ வரைய வேண்டாம், நான் உனக்காக நிற்கிறேன், வேண்டுமானால் நானும் வேலையை விடுகிறேன்' என்று வீராவேசமாகத்தான் எல்லாம் தயாராக இருந்தது. பாறசாலையில் இறங்கி ஆட்டோ பிடித்து, சர்ச்சுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கிடையில் இருந்த அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவளுடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இரிங்க மேடம். பிள்ள ரெண்டு நாளா ஒண்ணும் தின்னேல்ல. நீங்களாவது கேளுங்க."

"நான் நிக்கறேன்" என்றேன்.

ஸ்டெல்லா கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தாள். நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பிள்ளையளு கைதட்டிச்சுவளா எக்கா? நெசமாவா?"

"தட்டித்தாம். ஒண்ணும் தெரியாததுகள்."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் அம்மா உள்ளே போய்விட்டார். அவருக்குத் தெரிந்த கதைதான், மறுபடி கேட்க முடியவில்லை போலும்.

"மடையில கல்லு சரிஞ்சு அப்பாக்க நெஞ்சில விழுந்துட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உடனே ஆபரேசன் செய்யணும், வெள்ளம் மட்டும் குடுக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாவ. சரியாத்தான் சொன்னாவ, நான் குத்தம் சொல்லேல்ல. ஆனா அப்பா கேட்டுட்டே இருந்தாவ எக்கா. மக்களே, ஒரு வாய் வெள்ளம் தா, ஒரு வாய் தான்னு. எனக்க கையில குப்பி இருந்து. நெறைய வெள்ளம். நான் குப்பியப் பொறத்தால ஒளிச்சு வச்சுட்டேன். உள்ள கொண்டு போனாவ. பொறவு வரேல்ல."

துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதாக்கும் வரைஞ்சேன்" என்றாள். "அவ்வளவு பேரும் அழுதப்ப, சரி, குடுத்தாச்சுன்னு இருந்து. பொறவு எழும்பணும்னு சொன்னியளா, நெஞ்சு வெடிச்சுப் போச்சு. ரெண்டு நாளா யோசிச்சேன். அந்தப் பிள்ளையளு அழுவேல்ல, கைதட்டியிருக்குவ. வெள்ளம் குடிச்சா ஆளு பொழைக்கும்னு நெனச்சிருக்குவ. அப்படி ஒரு ஊரு இருக்குன்னா அங்க எழும்பட்டும். நானே வரைஞ்சு தாறேன்."

"உனக்கு இஷ்டமில்லேன்னா..."

"வேற ஆளு வரையப்பிடாது எக்கா."

ஊர் திரும்பும்போதும் ரயில் வாசலில்தான் நின்றேன். நியாயத்துக்காகச் சண்டை போடப் போனவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது. கதை பொய்யாகிறதே என்று நான் குதித்தது எனக்கே சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. அந்தக் கதையைக் கெடுக்கவும் திருத்தவும் உரிமை உள்ளவள் ஒருத்திதான் இருந்தாள், அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்டெல்லா வந்தாள். காகிதத்தை வைத்தாள், பென்சிலைச் சீவினாள். வரையவில்லை. உட்கார்ந்து வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எக்கா, சாவு எனக்குத் தெரியும். எழும்பினத நான் பாத்ததில்ல. நீங்க கொஞ்சம் கிடப்பியளா?"

நடு அறையில் நாற்காலிகளை ஒதுக்கினோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சிமென்ட் தரையில் மல்லாக்கப் படுத்தேன். மாத்யு சார் யாரும் சொல்லாமலே கதவைச் சாத்தினார். யாரோ காமிராவை வைத்தார்கள். ஸ்டெல்லா சப்பணமிட்டு உட்கார்ந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் இருந்தது. அவள் விரலை நனைக்கவில்லை, டம்ளரையே என் உதட்டில் வைத்தாள். படத்தில் இருப்பது அப்படி இல்லை, செக்கராக நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் கொடுத்தாள். அதையும் குடித்தேன். டம்ளர் காலியாகும்வரை கொடுத்தாள். கொஞ்சம் என் கழுத்தில் வழிந்தது.

நான் அசையாமல் கிடந்தேன். அவள் சொல்லாமல் எழக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. மேலே அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இனி எழும்புங்க, அப்பா" என்றாள். "மெதுவா."

நான் எழுந்தேன்.